கண் சிமிட்டாத நெபுலா

கார்த்தி சாமி,

எழுத்து பெரிது பெரிதாக இருக்கிறதே, வரியெல்லாம் மேலும் கீழும் போகிறதே என்று பார்த்தவுடன் பயந்துவிடாதே. பள்ளிக்கூடத்தில் சார்ட் எழுதும் கறுப்பு மார்க்கரால் எழுதுகிறேன். சாதாரணப் பேனாவின் கோடு எனக்கு இப்போது சரியாகத் தெரிவதில்லை. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ என்னைப் பேசவிட மாட்டாய். “அம்மா, நீங்க முதல்ல ரெஸ்ட் எடுங்க” என்று நாலு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். வருஷக்கணக்காக இயற்பியல் வகுப்பில் தடையில்லாமல் பேசிப் பழகியவள் நான். குறுக்கே பேசினால் எனக்குக் கோபம்தான் வரும், சொல்ல வந்தது வராது. ஆகவே நீ வெள்ளிக்கிழமை குன்னூர் வந்து இறங்குவதற்கு முன்னால் இதைப் பொறுமையாக ஒருமுறை படித்துவிடு. திவ்யாவிடமும் கொடு. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண், அவளுக்கும் இதில் தெரியவேண்டியது இருக்கிறது.

பொங்கலுக்கு வந்துபோன உன் மேட்டுப்பாளையத்து அத்தை உனக்கு என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். சரசு மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள், என்னிடம் சொல்லி அழுதுவிட்டுத்தான் உனக்குப் போன் போட்டாள். அவள் சொன்னது அத்தனையும் நிஜம். சாயங்காலம் ஹாலில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் பிரம்பு நாற்காலியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். அவள் சமையலறையிலிருந்து வந்து, “ஏனுங்கண்ணி, யாருகூடப் பேசிட்டிருக்கறீங்க?” என்று கேட்டாள். “யாருன்னு தெரியல சரசு. நானும் கேட்டுப் பாத்துட்டேன், சொல்ல மாட்டேங்கறாங்க” என்று சொன்னேன். வேடிக்கைக்குச் சொன்னதுதான். அவள் கையிலிருந்த பால் டம்ளர் கீழே விழுந்துவிட்டது. மறுநாள் முதல் பஸ்ஸுக்கே ஊருக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நீ எடுத்த முடிவுகளும் எனக்கு வந்து சேர்ந்தன. வைகாசியில் வைத்திருந்த கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டாய். மனநல டாக்டர் ஒருவரிடம் நேரம் வாங்கியிருக்கிறாய். வீட்டைப் பூட்டி என்னைப் பெங்களூருக்குக் கூட்டிப்போக வண்டியோடு வருகிறாய். நல்ல பிள்ளை செய்கிற காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கெட்டுப்போனது என் புத்தி அல்ல சாமி, கண். வலது கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது, இனி வராது. இடது கண்ணிலும் அதே நோய் ஆரம்பித்திருக்கிறது. அதற்கு மாதம் ஒருமுறை கோயமுத்தூரில் ஊசி போடவேண்டும். போட்டால் அந்தக் கண் நிற்கும், போடாவிட்டால் அதுவும் போகும். அந்த ஊசிக்கு இரண்டு மாதமாக நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அது தெரிந்த பிறகு நீ என்னைப் பைத்தியம் என்று சொன்னால், அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று ஒத்துக்கொள்வேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். அன்னம் என்ற நட்சத்திரக் கூட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு நெபுலா இருப்பது உனக்கு நினைவிருக்கும். சின்ன வயதில் உனக்குக் காட்டி, நீ கொட்டாவி விட்டு, நான் திட்டியிருக்கிறேன். நம் சூரியன் போன்ற ஒரு நட்சத்திரம் வயதாகி ஊதிப் பெருத்து, தன் மேலடுக்கை எல்லாம் வெளியே விட்டுவிடும். நடுவில் சின்னதாக, பயங்கரச் சூட்டோடு அதன் கரு மட்டும் மிஞ்சும். அதன் வேலை முடிந்துவிட்டது, இனி ஆறவேண்டியதுதான் பாக்கி. ஆனால் அந்தச் சூட்டில் சுற்றியிருக்கும் வாயு முழுக்க வெளிச்சம் விடும். பழைய தொலைநோக்கிகளில் வட்டமாகக் கோள் மாதிரித் தெரிந்ததால் கோள் நெபுலா என்று பெயர் வைத்துவிட்டார்கள், கோளுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதில் அன்னத்து நெபுலாவுக்கு ஒரு குறும்பு உண்டு. நடுவில் இருக்கும் நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் நெபுலா மறைந்துவிடும், வெறும் புள்ளி நிற்கும். பார்வையைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தினால் வட்டமான பச்சைப் புகை திடீரென்று வந்து நிறையும், புள்ளி அதில் மூழ்கிப்போகும். திரும்ப நேராகப் பார்த்தால் புகை போய்விடும். மங்கலான வெளிச்சத்தைப் பிடிக்கும் சக்தி நம் விழித்திரையின் ஓரத்தில்தான் அதிகம், நடுவில் குறைவு. அதனால் வரும் வித்தை அது. கண் சிமிட்டும் நெபுலா என்று தொலைநோக்கி வைத்திருக்கும் எங்கள் ஆட்கள் செல்லமாகச் சொல்வார்கள்.

தீபாவளி கழிந்து மழை விட்ட ஒரு சாயங்காலம். இருட்டி ஒரு காப்பி குடிக்கிற நேரம்தான் ஆகியிருக்கும். நம் பச்சைத் தொலைநோக்கியை முற்றத்தில் வைத்து அன்னத்தைப் பிடித்தேன். நெபுலா நின்றது. நேராகப் பார்த்தேன், அப்போதும் நின்றது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் போகவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! இத்தனை வருஷப் பழக்கத்தில் கண் தேறிவிட்டது, என்னிடம் இனி அதன் விளையாட்டு பலிக்காது என்று நினைத்தேன். வானம் பார்க்கிற எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அதைப் பெருமையாகப் போட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள். கோயமுத்தூர்ப் பையன் ஒருவன் மட்டும், “மேடம், நடுவுல நட்சத்திரம் தெரியுதுங்களா?” என்று கேட்டிருந்தான். மறுநாள் பார்த்தேன், தெரியவில்லை. உடனே எனக்குக் கண்ணாடி மேல்தான் சந்தேகம் வந்தது. பனி இறங்கியிருக்கும், பூஞ்சை பிடித்திருக்கும், ரசம் போயிருக்கும் என்று தொலைநோக்கியின் கண்ணாடியைக் கழற்றிக் கழுவினேன். தன் கண்ணைத் தவிர உலகத்தில் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுவது எங்கள் கூட்டத்தின் வியாதி.

கீழே எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கும் செல்வியை உனக்குத் தெரியுமே, தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவள், ஆடு மேய வந்தால் நம் வேலியோடு சண்டை போடுகிறவள். அன்றைக்கு ஆட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். அவளைக் கூப்பிட்டு, இதில் என்ன தெரிகிறது என்று கேட்டேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“ஒரு வெள்ளப் புள்ளி இருக்குதுங்க டீச்சர்.”

“சுத்தி?”

“சுத்தி ஒன்னுமில்லீங்க. புள்ளி மட்டுந்தான். நல்லா பளிச்சுன்னு இருக்குது.”

நான் பார்த்தது புகை மட்டும், அவள் பார்த்தது புள்ளி மட்டும். பழக்கமில்லாத நல்ல கண் நேராகத்தான் பார்க்கும், அதனால் அவளுக்குப் புள்ளி. எனக்கு நேராகப் பார்க்கிற இடமே இல்லை. என் கண் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஓரமாகப் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. அவள் போனபிறகு, எப்போதும் மூடிவைக்கும் இடது கண்ணைத் திறந்து வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தேன். புள்ளி இருந்தது. நெபுலா மறைந்து மறைந்து வந்தது, எப்போதும்போல. வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா இருந்திருந்தால் என்ன ஆச்சு டீச்சர் என்று கேட்டிருப்பார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் எழுப்பப் போனபோது அவர் எழுந்திருக்கவில்லை என்பதை அன்றைக்கு மறுபடியும் ஒருமுறை தெரிந்துகொண்டேன்.

உன்னிடம் புரை பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன் அல்லவா, அது பொய். செல்வியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கோயமுத்தூர் போனேன். டாக்டர் சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். கட்டம் போட்ட தாளைக் காட்டினாள். இடது கண்ணில்கூட நடுக்கட்டங்கள் வளைந்து தெரிந்தன. அன்றைக்கே முதல் ஊசி போட்டாள். கண்ணுக்குள் ஊசி என்றால் கேட்கத்தான் பயம், மரத்துப்போக மருந்து விட்டுவிடுகிறார்கள். வலியைவிட, முகத்தை மூடித் துணி போட்டுவிட்டு ஆளைத் தனியாக ஒரு வெளிச்சத்துக்கு முன்னால் விட்டுவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஊசி போட்டுத் திரும்பி வந்து ஒரு மாதம் நன்றாகத்தான் இருந்தேன். மார்கழியில்தான் அவர்கள் வர ஆரம்பித்தார்கள்.

முதலில் வந்தது ஒரு பெண். சிவப்புப் புடவை, தலையில் கூடை. ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடுவில் நின்றாள். புடவையின் மடிப்பு ஒவ்வொன்றும் தெரிந்தது, கரையின் ஜரிகைகூடத் தெரிந்தது. அதுதான் என்னை நடுங்கவைத்தது. அந்த மங்கலில் எதிரில் நிற்கும் செல்வியின் மூக்கு எனக்குச் சரியாகத் தெரிவதில்லை, இல்லாத ஒருத்தியின் ஜரிகை தெரிகிறது. அவள் என்னைப் பார்க்கவில்லை, பேசவில்லை. விளக்கைப் போட்டதும் மறைந்துவிட்டாள். அப்புறம் தலைப்பாகை கட்டிய ஒரு கிழவர் வந்தார். தொப்பி போட்ட குழந்தைகள் வந்தார்கள், வரிசையாகச் சுவரோடு நடந்து சுவருக்குள்ளேயே போய்விட்டார்கள். ஒருநாள் காம்பவுண்டுச் சுவர் மேல் சாண் உயரத்தில் ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். வெளிச்சம் குறைகிற நேரம்தான் வருவார்கள். ஒருத்தரைக்கூட எனக்கு அடையாளம் தெரியவில்லை. பயந்தேனா என்று கேட்டால், பயந்தேன். கதவைச் சாத்திவிட்டுச் சமையலறையில் எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்த நாட்கள் உண்டு.

இரண்டாவது ஊசிக்குப் போனபோது டாக்டரிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “பயப்படாதீங்கம்மா, இது மனநோய் இல்லீங்க. கண்ணுல இருந்து மூளைக்குப் படம் வர்றது குறைஞ்சிருது. மூளை சும்மா இருக்காம அதுவா ஒரு படத்தைப் போட்டுக்குது. நெறய பேருக்கு வருதுங்க, வெளிய சொல்றதில்ல” என்றாள். அதற்கு ஒரு பெயரும் சொன்னாள். எவ்வளவு நாளைக்கு இப்படி என்று கேட்டேன். “போகப்போக தானா நின்னுருமுங்க. இடது கண்ணு தேறி வந்துச்சுன்னா சீக்கிரமே குறைஞ்சுரும். அடுத்த மாசம் மறக்காம வந்துருங்கம்மா” என்றாள். அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

ஏன் என்று உனக்குப் புரிகிறதா? வருகிறவர்கள் எல்லாரும் மூளை போட்டுக்கொள்கிற படம் என்றால், என் மூளையில் அதிகமாக இருக்கும் படம் எது? எந்த ஊர் என்றே தெரியாத கிழவர் வருகிறார், கூடைக்காரி வருகிறாள். என்னோடு முப்பத்தொரு வருஷம் இருந்தவர் வராமலா போவார்? இன்றில்லாவிட்டால் நாளை வருவார். அதற்குள் ஊசி போட்டு, கண் தேறி, எல்லாரும் நின்றுபோனால்? ஒரே ஒரு முறை ஜரிகை தெரிகிற அளவுக்குத் தெளிவாக அவர் முகத்தைப் பார்த்துவிடலாம் என்ற ஆசை, கார்த்தி. போட்டோவில் இருப்பது பஸ் பாஸுக்கு எடுத்த முகம். எனக்கு வேண்டியது, டியூட்டி முடிந்து மழையில் நனைந்து வந்து கதவருகே நின்று துண்டு கேட்கிற முகம். நோய் என்று தெரிந்தே அதை வீட்டில் வைத்துக்கொண்டேன். தை மாதத்து ஊசிக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது ஊருக்குப் போயிருக்கிறேன் என்றேன். சாயங்காலமானால் விளக்குப் போடாமல் பிரம்பு நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். வந்தவர்களிடம் பேசினேன். ஒரு மரியாதைக்குத்தான். அவரையும் வரச்சொல்லுங்க என்று கேட்டுக்கொண்டேன். சரசு பார்த்தது அதைத்தான்.

சரசு போன பிறகு ஒருநாள் காக்கிச்சட்டை வந்தது. நாற்காலியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அரசு பஸ் டிரைவராக உன் அப்பா போட்ட அதே காக்கி, தோளில் அழுக்குத் துண்டு, பின்கழுத்தில் வெயில் பட்ட கறுப்பு. கண்ணை அசைத்தால் போய்விடுவார்கள் என்று தெரியும், அசைக்காமல் இருந்தேன். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. “ஏனுங்க” என்று கூப்பிட்டேன். கழுத்து மெல்லத் திரும்பியது. இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பையன். நான் பிறந்ததிலிருந்து பார்த்திராத முகம். என்னையும் தாண்டி எதையோ பார்த்துவிட்டு நாற்காலியோடு சேர்ந்து மங்கிப்போனான். அன்றைக்கு நான் வாய்விட்டு அழுதேன். அவர் செத்துப்போன அன்றுகூட அப்படி அழவில்லை, நீ பக்கத்தில் இருந்தாய் என்று அடக்கிக்கொண்டேன். அதன்பிறகாவது ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கவேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? காக்கிச்சட்டை வரை வந்துவிட்டது, அடுத்தது அவர்தான் என்று நினைத்துக்கொண்டு மாசி மாதத்து ஊசியையும் விட்டேன்.

அப்பாவைப் பற்றி உனக்கு ஒரு மனக்குறை உண்டு. காலேஜில் சேர நீ முதன்முதலாக வீட்டை விட்டுப் போனபோது அவர் ஓட்டிய பஸ்ஸிலேயே மேட்டுப்பாளையம் வரை போனாய். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட். மலை இறங்கும்வரை அவர் உன்னை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, இறங்கும்போதும் “சரி, பாத்துப் போ” என்றதோடு சரி என்று பல வருஷம் கழித்து என்னிடம் சொல்லி வருத்தப்பட்டாய். கொண்டை ஊசி வளைவில் திரும்பிப் பார்க்கிற டிரைவர் உனக்கு வேண்டுமாக்கும் என்று அன்றைக்குக் கேலி செய்து முடித்துவிட்டேன். அவருக்கு ஒருத்தரை எதிரில் நின்று பார்த்துப் பேச வராது. கல்யாணமான புதிதில் எனக்கும் அது பெரிய கோபம். பெண் பார்க்க வந்த அன்றே என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் வழியாக வாசலில் நின்ற லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

போன வாரம் வானம் சுத்தமாக இருந்தது. மிதுனத்தில் ஒரு கோள் நெபுலா உண்டு, அதிலும் நடுநட்சத்திரம் நன்றாகத் தெரியும். மாதக்கணக்கில் தொடாத தொலைநோக்கியை இழுத்து வைத்து இடது கண்ணால் பார்த்தேன். நட்சத்திரம் இருந்தது, ஆனால் நசுங்கியிருந்தது. புள்ளியாக இருக்கவேண்டியது ஒரு பக்கமாக இழுத்த கோடு மாதிரி இருந்தது. இரண்டு மாதம் ஊசி விட்டதன் பலன் என்று எனக்குப் புரியாமல் இல்லை. குனிந்தபடியே நின்றேன். அப்போது செல்வி டார்ச்சோடு மேட்டுப் பாதையில் வந்தாள்.

“டீச்சர், கீழ புதர்ல காட்டெருமை நிக்குதுங்க. ஒத்தை. நீங்க பாட்டுக்கு இருட்டுல தனியா நிக்கறீங்களே.”

“தனியா இல்லியே செல்வி” என்றேன்.

நினைத்துச் சொல்லவில்லை. கண்ணைக்கூட எடுக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது. செல்வி டார்ச்சை என் பின்னால் அடித்தாள். வெளிச்சம் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. “யாருங்க டீச்சர்?” என்று கேட்டாள், குரல் இறங்கியிருந்தது. அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. முதுகு முழுக்கச் சிலிர்த்துவிட்டது.

நீ உள்ளே ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்த வருஷங்களில் வெளியே நடந்தது இதுதான். தேயிலைக்கு நடுவில் இருக்கும் இந்த வீட்டில், இருட்டிய பிறகு ஒருத்தி தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்கமுடியாது. காட்டெருமை வரும், கரடி வரும். காவலுக்கு ஓர் ஆள் வேண்டும். டிப்போவில் தகரக்குழாய் சுற்றி, மீந்துபோன பச்சை பெயிண்ட் அடித்து, தொலைநோக்கியைக் கொண்டுவந்து கொடுத்த நாளிலிருந்து அந்த வேலை அப்பாவுடையது. என் முதுகுக்கு இரண்டடி தள்ளி, பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். டார்ச் போட்டால் என் கண் இருட்டுக்குப் பழகினது கெட்டுவிடும் என்பதால் போடமாட்டார். நானும் திரும்பமாட்டேன். அவ்வப்போது “இருக்கேன் டீச்சர்” என்பார். பேச்சு அவ்வளவுதான். டீசல் வாசனை, மப்ளருக்குள் ஒரு செருமல், காலை மாற்றி நிற்கும்போது சரளைச் சத்தம். ஒருமுறை கையை என் தோளில் வைத்தார். அசையாதே என்று அர்த்தம். ஏதோ ஒன்று பெருமூச்சு விட்டுக்கொண்டு வேலியோரம் நின்றது எனக்குக் கேட்டது. அது போகும்வரை எனக்கும் அதற்கும் நடுவில் அவர் நின்றார். நான் கண்ணை எடுக்கவே இல்லை. அந்த மிருகத்தையும் நான் பார்த்ததில்லை, அந்த நேரத்து அவரையும் நான் பார்த்ததில்லை.

அவர் போய் இரண்டு வருஷமாக இதே இருட்டில் இதே முற்றத்தில் தனியாக நின்று பார்த்திருக்கிறேன். ஒருநாள்கூட முதுகு கூசவில்லை. ஏன் கூசவில்லை என்று நான் யோசித்ததே இல்லை. எதிரில் நாற்காலி போட்டுக்கொண்டு காத்திருந்தேனே, அவர் எந்தக் காலத்தில் என் எதிரில் வந்து நின்றார்? கண்ணுக்கு வருகிறவர்கள் யார் யாரோ, ஊர் பேர் தெரியாதவர்கள். அவர் கண்ணுக்கு வருகிற ஆள் இல்லை. இதைப் பேய் என்று சொல்வாயோ மூளை என்று சொல்வாயோ, எனக்குத் தெரியாது. இயற்பியல் படித்தவள், இரண்டில் ஒன்றைச் சொல்லவேண்டும்தான். சொல்ல முடியவில்லை. செல்விக்கு மட்டும், “யாருமில்லடி, வா” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து எல்லா விளக்கையும் போட்டேன். நாற்காலியில் காயவைத்த துணிகளை மடித்துப் போட்டேன். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அந்தச் சின்ன டாக்டர் என்னை நன்றாகத் திட்டினாள். வாங்கிக்கொண்டேன். சனிக்கிழமை காலை வரச்சொல்லியிருக்கிறாள். போனது கொஞ்சம் போனதுதான், மிச்சத்தைப் பிடித்து நிறுத்தப் பார்க்கலாம் என்றாள்.

ஆகவே மனநல டாக்டர் வேண்டாம், அந்த நேரத்தை வேறு யாருக்காவது விட்டுக்கொடு. வீட்டைப் பூட்டாதே. தடுமாறாமல் நடக்க இந்த வீட்டில் எனக்குக் கண் தேவையில்லை, பெங்களூரில் உன் ஏழாவது மாடியில் தேவைப்படும். முடியாத காலம் வந்தால் நானே சொல்கிறேன், ரோஷத்துக்காக மறைக்கமாட்டேன். கல்யாணத்தை வைகாசியிலேயே வை. இந்த நோய் குடும்பத்தில் தொடரலாம் என்று டாக்டர் சொன்னாள், அதைத் திவ்யாவிடம் நீயே உன் வாயால் சொல், அவள் வேறு யார் மூலமாகவும் தெரிந்துகொள்ளக்கூடாது. வருஷத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டு. சிகரெட் இதற்கு எமன். ஆபீஸ் மாடிப்படியில் நீ பிடிப்பது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தால் இன்றோடு அந்த நினைப்பை விடு. கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு ஆயிரம் வேலை இருக்கும், அதில் ஏதோ ஒன்றில் உன்னை மறந்துபோய் அவள் குனிந்திருப்பாள். அப்போது உன்னைக் கவனிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு உள்ளே போய்விடாதே. அங்கேயே நில். நான் சொல்லத் தெரிந்த புத்திமதி இது ஒன்றுதான், அதுவும் உன் அப்பா செய்து நான் இப்போதுதான் கண்டுபிடித்தது.

சனிக்கிழமை நீதான் என்னை மலையிறக்கிக் கூட்டிப்போக வேண்டும். எனக்கு அந்த அறை பயமாக இருக்கிறது என்பதை உன்னிடம் சொல்ல வெட்கமில்லை. உள்ளே உன்னை விடமாட்டார்கள், கதவு வரைக்கும் வரலாம். அந்தத் தாழ்வாரம் நீளமானது. கையைப் பிடித்து இழுக்காதே, முன்னால் நடந்து வழிகாட்டாதே. என் கண் முன்னால் வந்து நின்றால் இப்போது உன்னையும் எனக்குச் சரியாகத் தெரியாது, யாரோ என்று நினைத்துவிடுவேன். இரண்டடி பின்னால் வா. நடுவில் ஒரு தடவை “இருக்கேன்மா” என்று சொல்லு, போதும். நான் திரும்பிப் பார்க்கமாட்டேன்.

அம்மா